எழுபத்தோராவது அட்டை

பெப்ரவரி 24, செவ்வாய்

மைனஸ் ஆறு. நேற்று உருகியதெல்லாம் இன்று கண்ணாடி. சறுக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு அடியில் முள் மாட்டிக்கொண்டு போனேன்.

வேலை: ஆசுப்பத்திரி, இரண்டு மணி நேரம். இதற்கு மேலே எழுதக்கூடாது. இருபத்திரண்டு வருட மொழிபெயர்ப்பு வேலையில் என் நாட்குறிப்பு இப்படித்தான்: இடம், நேரம், முற்றுப்புள்ளி. கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

வாங்க: வெண்டிக்காய், பால், இவருடைய காது மெஷினுக்குப் பற்றரி. மனிதர் அதைப் போடப்போவதில்லை. இருந்தாலும் வாங்க.

பின்னேரம் நூலகத்திலிருந்து ஹெய்டி ரெலிபோன். அங்கே நிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்பவள். மார்ச் 7 சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஒரு ஊமைப்படம் காட்டுகிறார்களாம். நூறு வருடப் பழையது. இயக்கியவர் ஒரு பெண், அந்தக் காலத்தில் அந்த வேலைக்கு வந்த விரல்விட்டு எண்ணக்கூடியவர்களில் ஒருவர். ஒஸ்லோவின் இந்த அம்மருட் பகுதியில் எங்கள் ஆட்கள் நிறைய, அதனால் ஒரு காட்சி தமிழுக்கு. படத்தின் நடுவில் எழுத்து அட்டைகள் வருமே, அவற்றை நான் தமிழாக்கி, ஒவ்வொன்றும் திரையில் வரும்போது மைக்கில் வாசிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார்.

எத்தனை அட்டை என்று கேட்டேன். எழுபத்தொன்று. சரி என்றேன். ஆசுப்பத்திரியில் அரை மணி நேரத்தில் அதைவிடக் கூடப் பேசுகிறேன்.

படத்தின் பெயர் ‘வெள்ளை நூல்’. இயக்குநர் அம்மையாரின் பெயர் முதல் அட்டையில் தலைப்பெழுத்தாக மட்டும். பெண் என்று தெரிந்தால் கொட்டகைக்காரர் படத்தை எடுக்க யோசிப்பார்களாம். இரண்டே படம் எடுத்தார். பிறகு தொப்பிக்கடை வைத்தார். இனி இ.அ. என்று எழுதுகிறேன், அவர் கோபிக்கமாட்டார், பழகியிருப்பார்.

பெப்ரவரி 26, வியாழன்

மெல்லிய பனி, நிற்காமல். வேலை: பாடசாலை, ஒரு மணி நேரம்.

படத்தை மடிக்கணினியில் பார்த்தேன். அறுபத்து நான்கு நிமிடம். கதை, மறக்காமல் இருக்க:

றக்னா கலியாணம் கட்டாமல் ஒரு பெண்பிள்ளை பெறுகிறாள். பிள்ளையில்லாத அக்கா குழந்தையை வாங்கித் தன் பிள்ளையாக வளர்க்கிறாள். றக்னா ஊரைவிட்டுப் போகிறாள். பதினெட்டு வருடம் கழித்து அந்தப் பிள்ளை இங்ரிட்டுக்குக் கலியாணம். கலியாணச் சட்டை தைக்க வரும் தையற்காரி யாரென்றால் றக்னா. அக்கா அடையாளம் காண்கிறாள். ஒரு நிபந்தனை: தைக்கலாம், வாய் திறக்கக்கூடாது.

நடுவில் வழக்கமான சாமான்கள் எல்லாம் உண்டு. ஒருத்தி மயங்கி விழுகிறாள். ஒரு கடிதம் நெருப்பில் போகிறது. கடலில் புயல், எதற்கென்று தெரியவில்லை. ஆனால் ஓர் இடத்தில் ஆறு நிமிடம் கைகளும் துணியும் மட்டும். ஊசி குத்துகிறது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு இரத்தம். றக்னா அதைக் கழுவவில்லை. அதன்மேல் ஒரு சின்னப் பூ வைத்துத் தைத்துவிடுகிறாள். அதற்கு அட்டையே இல்லை. இ.அ. வேலை தெரிந்தவர்.

கடைசி: சட்டையைப் போட்டுப் பார்க்கும் இங்ரிட் அந்தப் பூவைத் தொட்டுவிட்டுக் கேட்கிறாள். எழுபதாவது அட்டை: “நீங்கள் யார்?” றக்னாவின் முகம் அருகில். வாய் அசைகிறது. எழுபத்தோராவது அட்டை: “ஒன்றுமில்லை, குழந்தாய். வழியில் வந்த ஒரு தையற்காரி. உன் மங்கல நாளைக் கடவுள் காப்பாராக. என்னை மறந்துவிடு.” அடுத்த காட்சியில் இங்ரிட் சட்டையோடு நிலத்தில் சரிந்து இருந்துவிடுகிறாள். வாசலில் அக்கா, கதவைப் பிடித்தபடி. முற்றும்.

நேரம் பார்த்தேன். வாய் அசைவது இரண்டு விநாடி. அட்டையை வாசிக்கப் பதினான்கு விநாடி. இது சரியில்லை. நோயாளி மூன்று நிமிடம் சொல்லி நான் “ஓம்” என்று மட்டும் மொழிபெயர்த்தால் வைத்தியர் தலையை நிமிர்த்துவார். மறுவளமாக நடந்தாலும் நிமிர்த்துவார். பிறகு, சாதாரணத் தையற்காரி என்று கேட்டதற்கா ஒரு பெண் நிலத்தில் இருப்பாள்?

ரீ எடுக்க வந்த இவர் என் பின்னால் நின்று பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இருபத்தாறு வருடம் சலவைத் தொழிற்சாலை. மெஷின்கள் காதைத் தின்றுவிட்டன. அங்கே எல்லோரும் எல்லோருடைய வாயையும் பார்த்துத்தான் கதை பிடித்தார்களாம், துருக்கிக்காரர், வியட்நாம்காரர், இவர்.

மறுபடி ஓட்டிய படத்தைத் தையல் இடம்வரை பார்த்துவிட்டு, “நல்ல படம்,” என்றார். “ஒருத்தரும் கத்தேல்லை.”

மார்ச் 1, ஞாயிறு

வெயில். பல்கனியில் பனி ஓரத்தில் மட்டும். மாசி முடியுமுன்பே, கோழிக்கறியை ஆறவைக்கப் பல்கனியில் குளிர் போதாமல் போய்விட்டது.

அபி ஒரு மணிக்கு வந்தாள். எங்கள் ஒரே பிள்ளை, இருபத்தொன்பது வயது, ட்வெய்ட்டாவில் தனியாக இருக்கிறாள், உடற்பயிற்சிச் சிகிச்சை வேலை. ஞாயிறு தவறுவதில்லை. அப்பாவும் மகளும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பனிச்சறுக்கு ஓட்டப் போட்டி பார்த்தார்கள். அவருக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தாள். அவர் வாயை மட்டும் திறக்கிறார், கை நீட்டுவதுகூட இல்லை.

குசினிக்குள் வந்து எனக்குச் சட்டி துடைத்துத் தந்தாள். நோர்வேஜியனில் சொன்னாள்: வேலை இடத்தில் ஒரு தமிழ்ப் பெண், வீட்டில் கலியாணம் வேண்டாம் என்று சொன்னதற்கு அவளுடைய அப்பா ஒரு வருடம் பேசவில்லையாம். “என் அப்பா ‘சரி’ என்று ஒரு சொல்தான் சொன்னார் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் நம்பவில்லை. அம்மா, எனக்குக் கிடைத்த அப்பா போல யாருக்கும் கிடைக்காது.”

நான் சட்டியைக் கழுவினேன். அது ஏற்கனவே கழுவிய சட்டி.

இதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், இதே வரவேற்பறை. அபி எழுந்து நின்று ஆறேழு நிமிடம் நோர்வேஜியனில் கதைத்தாள். சாப்பாட்டுக்கும் சுகம் விசாரிக்கவும் அவளிடம் தமிழ் உண்டு, தமிழ்ப் பாடசாலைக்கும் பத்து வருடம் போனவள்தான். நெஞ்சில் இருப்பதைச் சொல்ல வந்தால் நோர்வேஜியன். இவருடைய நோர்வேஜியன் சலவைத் தொழிற்சாலை நோர்வேஜியன், காதும் இல்லை. அவள் சொன்னது: நான் கலியாணம் கட்டப்போவதில்லை. நீங்கள் பார்ப்பவரையும் இல்லை, வேறு ஒருவரையும் இல்லை. கோபத்தில் சொல்லவில்லை. இப்படி இருக்கத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்லி முடித்து, “அம்மா, அப்பாவுக்கு அப்படியே சொல்லுங்கோ,” என்று தமிழில் சொல்லிவிட்டு, முகம் கழுவப் போய்விட்டாள்.

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் இவரிடம் சொன்னது: “இப்ப வேண்டாமாம். கொஞ்சக்காலம் பொறுக்கட்டாம்.”

அவள் திரும்பி வந்தபோது இவர், “சரி பிள்ளை,” என்றார். அவள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். அதோடு இருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. அவள், அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார் என்று. இவர், பிள்ளைக்குக் கால அவகாசம் கொடுக்கிறேன் என்று.

சொல்வதை அப்படியே சொல்வேன், கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். ஒவ்வொரு வேலையையும் நான் இந்த வாசகத்தோடு தொடங்குகிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 2, திங்கள்

மழையும் பனியும் கலந்து. வேலை: நீதிமன்றம், மூன்று மணி நேரம். தொண்டை கட்டிவிட்டது.

சறோ அக்கா ரெலிபோன். மாதர் வட்டத் தலைவி. ஹெய்டியிடம் கதை கேட்டு, படத்துக்குத் தமிழ் அறிவித்தல் அடித்துவிட்டாராம். பெயர் ‘தாயின் கண்ணீர்’.

“அக்கா, பேர் வெள்ளை நூல். அவதான் தாய் எண்டு மகளுக்கே கடைசிவரை தெரியாது.”

“உந்த நூலுக்கு ஆர் வருவினம், மாலதி? கண்ணீர் எண்டால்தான் சனம் வரும்.”

நூறு வருடம் காப்பாற்றி வைத்திருந்த இரகசியத்தை ஒரு நோட்டீசில் முடித்துவிட்டார். அடுத்தது பன்னிரண்டாவது அட்டை.

“அதிலை ‘கலியாணம் கட்டாமல்’ எண்டு வருதாம். சின்னப் பிள்ளையளும் இருப்பினம். அதை மட்டும் விடுமன். இல்லாட்டி ‘புருஷன் கடலிலை செத்துப்போனான்’ எண்டு சொல்லும். புயலும் இருக்குத்தானே.”

புயலுக்கு ஒரு பிரயோசனம் கண்டுபிடித்ததற்காக அவரை மெச்ச வேண்டும். முடியாது அக்கா, உள்ளதை உள்ளபடிதான் வாசிப்பேன் என்றேன். நல்ல கண்டிப்பான குரலில் சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்து, சாப்பாட்டு மேசையில், இவர்:

“ரண்டு வருஷம் பொறுத்தாச்சு. ரொறொன்ரோவிலையிருந்து ஒரு ஆக்கள். பெடியன் எஞ்சினியர். சொந்தக்காரரைப் பாக்க இஞ்சை ஒஸ்லோவுக்கு வந்து நிக்கினம். வாற ஞாயிறு நாலு மணிக்கு வரச் சொல்லிப்போட்டன். சும்மா ரீ குடிக்க.”

“அபிக்குச் சொன்னனீங்களோ?”

“ஏன், அவள் வழக்கமா வருவாள்தானே. முதலே சொன்னால் பயப்பிடுவாள். நீர் என்ன சொல்லுறீர்?”

“யோசிப்பம்,” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டார்.

மார்ச் 4, புதன்

மைனஸ் இரண்டு. வேலை இல்லை.

அட்டைகள் 1 முதல் 60 வரை முடிந்தன. பன்னிரண்டாவது: “மணமாகாத றக்னா மகளைப் பெற்றாள்.” பதினைந்து தடவை மாற்றி எழுதி முதலாவதுக்கே வந்தேன்.

ஹெய்டி ஒரு பழைய தாளைப் படம் பிடித்து அனுப்பினாள். இ.அ. தன் கையால் எழுதிய அட்டைப் பட்டியல், பேத்தி ஒருத்தியின் வீட்டுப் பெட்டியில் கிடந்ததாம். சின்னச் சின்ன எழுத்து, ஒவ்வொரு அட்டைக்கும் பக்கத்தில் எத்தனை விநாடி என்று குறிப்பு. எழுபது வரை படத்தில் உள்ளபடியே. எழுபத்தொன்று: “உன் அம்மா.” பக்கத்தில்: இரண்டு விநாடி.

அதன்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் வேறு கையெழுத்து: சனத்தால் இதைத் தாங்க முடியாது. கீழே அந்தக் ‘கடவுள் காப்பாராக’ நாலு வரி.

ஹெய்டி சொல்கிறாள், படத்தை விற்றவரின் கையெழுத்தாக இருக்கலாம் என்று. இ.அ. எதிர்த்தாரா, தெரியாது. எதிர்த்தாரோ இல்லையோ, நடிகையின் வாயை மாற்ற முடியவில்லை. அது அப்படியே இருக்கிறது.

எதை வாசிப்பது என்று கேட்டேன். திரையில் என்ன இருக்கிறதோ அதை, பட்டியலைப் பற்றி படம் முடிந்தபின் நான் சொல்கிறேன் என்றாள். சரிதான். அட்டையில் உள்ளதுதான் என் வேலை.

அந்தச் சிவப்புப் பென்சிலை எனக்குத் தெரியும். கெட்ட எண்ணத்தோடு யாரும் அதைக் கையில் எடுப்பதில்லை. குசினிக்குள் போய் அழுதேன், ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு 61.

மார்ச் 6, வெள்ளி

தெருவெல்லாம் கூழ். குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போய் முருங்கைக்காய், பச்சைமிளகாய், றவை. இவர் எழுதித் தந்த பட்டியலில் ஞாயிறு பின்னேரத்துக்குரியவை: முறுக்கு, கேக், ‘நல்ல’ தேயிலை. நல்ல என்பதன் கீழ் கோடு. வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் பதில் இல்லை.

அபிக்கு மூன்று முறை அழைத்தேன். மூன்றாவதில், இரண்டு நோயாளிகளுக்கு இடையில், எடுத்தாள்.

“அம்மா, ஏதும் அவசரமோ?”

“இல்லை. நாளைக்கு வருவாய்தானே?”

“ஓம், ஓம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு முன்னுக்கு இருப்பன்.”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

இது பயம். வேறு பெயர் வைக்கத் தேவையில்லை. சொன்னால், அப்பாவைப் பற்றி அவள் இரண்டு வருடமாக வைத்திருக்கும் எண்ணம் உடையும். சொல்லாவிட்டால் ஞாயிறு நாலு மணிக்கு, கேக் வெட்டும்போது, ரொறொன்ரோக்காரர் முன்னால் உடையும். இரண்டிலும் என் பெயர் கெடும், அது இருக்கட்டும். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வராமல் போனால் இவர் அந்தச் சத்தமில்லாத ரீவியைத் தனியாகப் பார்த்துக்கொண்டு இருப்பார். அதைத்தான் நினைக்க முடியவில்லை.

மார்ச் 7, சனி

முகில். மைனஸ் ஒன்று. நூலகத்துக்கு ஒரு மணிக்கே போனேன். மைக் சோதனை. பியானோக்காரர் இளைஞர், என் குரலுக்கு இடம்விட்டு வாசிப்பதாகச் சொன்னார். செய்தார்.

இரண்டு மணி நிகழ்ச்சி இரண்டு முப்பத்தைந்துக்குத் தொடங்கியது. ஊமைப்படத்துக்கு முன் சறோ அக்கா இருபது நிமிடம் பேசினார். கதிரை காணாமல் பின்னால் சிலர் நின்றார்கள். கண்ணீர் வேலை செய்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

முன்வரிசையில் அபி, பக்கத்தில் இவர். காது மெஷின் வீட்டு மேசை லாச்சியில். “எனக்கெதுக்கு அது, படமே ஊமைதானே,” என்று விட்டுவிட்டு வந்தவர்.

பன்னிரண்டாவது அட்டையை எழுதியபடி வாசித்தேன். பின்னாலிருந்து ஒரு “ச்சே.” சறோ அக்கா என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். ஊசி குத்தும் இடத்தில் மண்டபம் முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது. அந்த ஆறு நிமிடமும் என்னிடம் வாசிக்க ஒன்றும் இல்லை. சும்மா இருந்து சனத்தைப் பார்த்தேன்.

எழுபது. “நீங்கள் யார்?” என்று வாசித்தேன். றக்னாவின் முகம் திரை முழுக்க. வாய் அசைந்தது. பியானோ நின்றது.

இவர் உரக்க, காது கேளாதவர்களுக்கே உரிய அந்தக் குரலில், “சொல்லிப்போட்டாள்!” என்றார்.

மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் சென்னைப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “உண்மைய சொல்லிட்டாங்கல்ல?” என்றாள். அதற்குள் எழுபத்தோராவது அட்டை வந்துவிட்டது. நான் வாசித்தேன். ஒன்றுமில்லை, குழந்தாய். வழியில் வந்த ஒரு தையற்காரி. நாலு வரியும், ஒரு சொல் விடாமல். யாரும் நம்பவில்லை. சிலர் சிரித்தார்கள். ஒரு பிள்ளை, “அன்ரி பிழையா வாசிக்கிறா,” என்றது. என் வேலையில் முதல்தடவையாக, சரியாகச் சொல்லி வெட்கப்பட்டேன்.

விளக்குப் போட்டபின் ஹெய்டி பட்டியலைத் திரையில் காட்டினாள். இ.அ. எழுதியது, அதன்மேல் சிவப்புக் கோடு, ஓரக் குறிப்பு. அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். “சனத்தால் இதைத் தாங்க முடியாது.” பிறகு சறோ அக்கா:

“அவனும் பாவம். நல்லதுக்கெண்டுதான் செய்திருப்பான்.”

அபி ரி-பான் ரயிலுக்கு ஓடினாள், யாரையோ பார்க்க வேண்டுமாம். போகும்போது அப்பாவின் கன்னத்தில் கொஞ்சிவிட்டு, “அப்பா, நீங்கள் பெஸ்ட்,” என்றாள். நாங்கள் இருவரும் வீட்டுக்கு மேட்டில் நடந்தோம். விளையாட்டுத் திடலடியில் இவர் தொடங்கினார்.

“அந்தக் கடைசி அட்டை பொய்.”

“ஓம்.” தலையையும் ஆட்டினேன், அவருக்குத் தெரிய.

“உமக்கு முதலே தெரியும்.”

“ஓம்.”

கொஞ்சத்தூரம் நடந்தார். “அண்டைக்கு அபி கனநேரம் கதைச்சவள். நீர் ஒரு வரிதான் சொன்னனீர்.”

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை, நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. சறுக்கியது. கையைப் பிடித்தார்.

“ஏன் அண்டைக்கே கேக்கேல்லை?” வாயை அவருக்கு நேராக வைத்துக் கேட்டேன்.

“நான் ஏன் கேப்பான்? எனக்கும் அந்த ஒரு வரி வசதியா இருந்தது.”

“ரொறொன்ரோ ஆக்களை வரச் சொன்னது?”

“அந்த ஒரு வரி உண்மையெண்டால் அவள் ஓம் எண்டுவாள். பொய்யெண்டால் நீர் எனக்குச் சொல்லுவீர் எண்டு பாத்தன். நீர் முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தீர்.”

முழுக்கச் சொல்லட்டோ என்று கேட்டேன். “இப்ப வேண்டாம். அவளும் இருக்கட்டும். அவள் சொன்ன மாதிரியே சொல்லும்,” என்றார்.

அபிக்கு எழுதினேன்: நாளை ஒரு மணிக்கு அல்ல, பத்துக்கு வா. ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். கூரையிலிருந்து சொட்டுகிறது. மாதர் வட்டத்திலிருந்து காலை ஏழு மணிக்கே பதினொரு மகளிர் தின வாழ்த்து, எல்லாம் ஒரே ரோசாப்பூ.

அபி பத்துக்குச் சரியாக வந்தாள், ஏலக்காய் பன்னோடு. மூன்று கதிரையையும் வேலையில் வைப்பதுபோல வைத்திருந்தேன்: அவர்கள் இருவரும் எதிரெதிரே, நான் பக்கத்தில், இருவருக்கும் சமதூரம். “என்ன இது, ஆசுப்பத்திரியோ?” என்று சிரித்தாள்.

முதலில் என் சொந்த வாயால் சொன்னேன். அவளுக்கு நோர்வேஜியனில்: இரண்டு வருடத்துக்கு முன் நீ முகம் கழுவப் போனபோது நான் அப்பாவிடம் சொன்னது ஒரு வரி. அந்த வரி என்னவென்றும் சொன்னேன். இன்று நாலு மணிக்கு யார் வருகிறார்கள் என்றும் சொன்னேன். பிறகு அதையே தமிழில் இவருக்கு.

அபி எழுந்து யன்னலடிக்குப் போனாள். பிறகு திரும்பாமலே, நோர்வேஜியனில்: “அப்படியென்றால் இரண்டு வருடமாக நான் யாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்?”

அது என்னிடம் கேட்டதா, இவரிடம் கேட்டதா என்று தெரியாததால் மொழிபெயர்த்தேன். இவர் தலை குனிந்தார்.

அவள் வந்து இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள். சரியான முறையும் அதுதான், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவோம். நான் என் வாயை அவருக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு சொன்னேன்:

“நான் கலியாணம் கட்டப்போறேல்லை, அப்பா. நீங்கள் பாக்கிற ஆளையும் இல்லை. வேறை ஆளையும் இல்லை. எனக்கு இப்பிடி இருக்கப் பிடிச்சிருக்கு. அண்டைக்கும் இதைத்தான் சொன்னனான். உங்களுக்கு விளங்கிட்டுது எண்டு நினைச்சு நான் எவ்வளவு சந்தோசமா இருந்தனான் தெரியுமோ.”

அவள் சொன்ன நேரமும் நான் சொன்ன நேரமும் ஏறத்தாழ ஒன்று.

இவர் என் வாயிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். “எனக்கு இது விருப்பமில்லை,” என்றார். “அண்டைக்குச் சொல்லியிருந்தாலும் விருப்பமில்லை. இண்டைக்கும் விருப்பமில்லை.”

இதற்கு அபிக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. இந்த அளவு தமிழ் அவளுக்குத் தெரியும். ஆனாலும் என்னைப் பார்த்தாள், யன்னலடியிலிருந்து வந்தபின் முதல்தடவையாக. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாள். மூன்று வரியையும் நோர்வேஜியனில் சொன்னேன். விருப்பமில்லை என்பதற்கு அதைவிட மெதுவான ஒரு சொல் வாயில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு உள்ள சொல்லைச் சொன்னேன். என் பிள்ளைக்கு நான் சொன்னவற்றில் இதுபோல் எதுவும் வலித்ததில்லை.

அபி அழவில்லை. “சரி,” என்றாள். தமிழில்.

இவர் ரெலிபோனை எடுத்தார். ரொறொன்ரோக்காரர் தங்கியிருக்கும் வீட்டுக்கு. ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து, தானும் உரக்க: “இண்டைக்கு வரவேண்டாம், தம்பி. இல்லை, வருத்தம் ஒண்டும் இல்லை. பிள்ளைக்கு வேண்டாமாம்… இல்லை இல்லை. ‘இப்ப வேண்டாம்’ எண்டில்லை. வேண்டாம்.”

வைத்தார். எழுந்து போய் லாச்சியைத் திறந்து காது மெஷினை எடுத்தார். பற்றரி மாற்றிக் கொடுத்தேன், போன மாதம் வாங்கியது. இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார். தன் கதிரையைத் தூக்கி அவளுக்கு அருகில் வைத்தார்.

“மெல்லமாச் சொல்லு, பிள்ளை. முதலிலையிருந்து. தெரிஞ்ச தமிழிலை சொல்லு, மிச்சத்தை நோர்வேஜியனிலை சொல்லு.” பிறகு என்னிடம்: “நீர் போய் ரீயை வையும்.”

குசினியில் இருந்து எழுதுகிறேன். நல்ல தேயிலையைத்தான் போட்டேன். கதவு திறந்திருக்கிறது. அவள் குரல், நிறுத்தி நிறுத்தி, ஏதோ ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டு. அவர், “என்ன? இன்னொருக்கால்,” என்கிறார். அவள் இன்னொருக்கால் சொல்கிறாள். இதை நான் மூன்று நிமிடத்தில் முடித்திருப்பேன்.

மணி பதினொன்று பத்து. ரீ ஆறிவிட்டது. என்னைக் கூப்பிடவில்லை.